கோதுமை இல்லாமல் பழ ஸ்கோன்: மலைச் சமையலறைக்கு ஒரு விரிவான பதில்

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) என்று அண்மையில் உறுதியாகியிருக்கிறது. மைதா, கோதுமை, ரவை மூன்றும் வீட்டை விட்டுப் போய்விட்டன. ஆனால் ஞாயிறு மாலைகளில் பிளம்ஸும் உலர்திராட்சையும் சேர்த்த ஸ்கோன் (தேநீரோடு சாப்பிடும் ஆங்கிலேயப் பாணிச் சிறு பேக்கரிப் பண்டம்) சாப்பிட்டு வளர்ந்த குழந்தை அது. மைதாவுக்குப் பதில் அதே எடைக்குக் கடை இடியாப்ப மாவைப் போட்டுச் செய்தபோது வெளியே கல்லாகவும் உள்ளே மணலாகவும் வந்திருக்கிறது. எந்த மாவு சரி, எந்தப் பழம் சரி, மலையில் பேக்கிங் பவுடர் எவ்வளவு என்று கேட்கிறார்.

குன்னூரில் இருந்துகொண்டு இதே நோயுள்ள என் தங்கை மகனுக்காகப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மைதா இல்லாமல் பேக்கிங் பழக வேண்டுமென்றால் ஸ்கோனிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோதுமையில் உள்ள கிளையாடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது இணைந்து குளூட்டன் என்ற இழுவையுள்ள வலையாகின்றன. பன்னுக்கும் ரொட்டிக்கும் அந்த வலைதான் உயிர். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்க முடிவதும் அதனால்தான். ஸ்கோனுக்கு அந்த வலையால் நன்மையை விடக் கெடுதல்தான் அதிகம். மைதாவில் செய்யும்போது "பிசையாதே, அதிகம் தொடாதே" என்று சொல்வதெல்லாம் குளூட்டன் உருவாகி ஸ்கோன் ரப்பராகிவிடக் கூடாது என்பதற்காகவே. ஆகவே கோதுமையை விட்டதால் நீங்கள் இழந்திருப்பது கொஞ்சம் பிடிமானமும், ஈரத்தை உள்ளே தக்கவைக்கும் திறனும் மட்டுமே. இரண்டையும் வேறு பொருள்களால் ஈடுகட்டிவிடலாம்.

உங்கள் ஸ்கோன் மணலாக வந்ததற்குக் காரணம் இடியாப்ப மாவு. அது பொதுவாக வறுத்த மாவு. கொதிநீர் ஊற்றிக் கிளறுவதற்கென்றே செய்யப்பட்டது. மைதாவை விட அதிகமாகப் பால் குடிக்கும், அதுவும் மெதுவாகக் குடிக்கும். மைதாவுக்கான பால் அளவை ஊற்றி உடனே அடுப்பில் வைத்தால், மாவுத் துகள்கள் ஊறி முடிப்பதற்குள் ஓரங்களின் ஈரம் ஆவியாகிவிடுகிறது. துகள்களின் உள்பகுதி வேகாமலே நிற்கிறது. நாக்கில் நெருடுவது அதுதான்.

செய்முறைக்கு முன் ஒன்றைப் பேசியாக வேண்டும். இது சுவையை விடப் பெரிய விஷயம். சீலியாக் நோயில் குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அங்கே சத்தை உறிஞ்சும், விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தேய்ந்துபோகின்றன. இது அளவைக் குறைத்துச் சமாளிக்கும் ஒவ்வாமை இல்லை. ஒரு சிட்டிகை மைதாவும் தவறுதான். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அந்த அளவு எவ்வளவு சிறியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். அதே எந்திரத்தில் விழும் உங்கள் பச்சரிசி மாவு இந்தக் குழந்தைக்கு உதவாது. முதல் படி அரிசி மாவை எடுத்து வேறு எதற்காவது வைத்துக்கொண்டால் போதும் என்று மில்லில் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள்.

வீட்டில் மிக்ஸியில் அரைப்பதே நல்லது. அதற்கென்று ஒரு சிறிய ஜாரை ஒதுக்கிவிடுங்கள். சல்லடை புதியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய சல்லடையின் கம்பிகளுக்கிடையில் ஒட்டிய மைதா எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. சப்பாத்திப் பலகையும் உருட்டுக்கட்டையும் மரமாக இருந்தால் அவையும் வேண்டாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மாவைத் தட்டிக்கொள்ளலாம், ஸ்கோனுக்கு உருட்டுக்கட்டையே தேவையில்லை. உதகை, குன்னூர் பேக்கரிகளில் மைதா இல்லாத கேக் என்று எதையாவது விற்றாலும், வர்க்கியும் பன்னும் போடும் அதே மேசையில் அது உருவாகியிருந்தால் வாங்க வேண்டாம். மைதா காற்றில் பறந்து எல்லாவற்றின் மீதும் படியும்.

பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். மால்ட் சேர்ந்த சத்துபானங்களில் பார்லி இருக்கும். இவை ஸ்கோனுக்குள் வருவதில்லை என்றாலும், ஸ்கோனைச் சாப்பிட்ட நாளில் குழந்தைக்கு வயிற்றுவலி வந்தால் பழியை ஸ்கோன் மீது போடும் முன் அன்று குடித்ததையும் ரசத்தில் போட்டதையும் பாருங்கள். இன்னொன்று: பாரம்பரியத் தானியம் என்றாலே பாதுகாப்பானது என்று நம் மலையில் ஒரு எண்ணம் இருக்கிறது. படகர் ஊர்களில் சாமையும் கேழ்வரகும் விளைந்தது போலவே பார்லியும் கோதுமையும் விளைந்தன. சாமை, தினை, கேழ்வரகு, வரகு, குதிரைவாலி, கம்பு, சோளம் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. பார்லியிலும் சம்பா கோதுமையிலும் இருக்கிறது. ஓட்ஸ் மருத்துவர் அனுமதித்த பிறகே, அதுவும் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட் மட்டுமே.

இனி மாவு. அரிசி மாவு மட்டும் போட்டால் நெருடும். ஸ்டார்ச் மட்டும் போட்டால் வழவழப்பாகி, ஆறியதும் விறைக்கும். சிறுதானியம் மட்டும் போட்டால் கனத்துவிடும். மூன்றும் சேர வேண்டும். நான் போடும் கணக்கு 250 கிராம் மாவுக்கு 140 கிராம் பச்சரிசி மாவு, 60 கிராம் ஸ்டார்ச், 50 கிராம் சாமை மாவு. ஸ்டார்ச் என்று நான் சொல்வது கடையில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளைப் பொடி. மஞ்சள் நிற மக்காச்சோள மாவு வேறு. மரவள்ளி ஸ்டார்ச் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம், உள்ளே கொஞ்சம் இழுவை வரும்.

பச்சரிசி மாவை அதிரசத்துக்கு அரைப்பது போல ஈரமாக அரையுங்கள். அரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பிக் கையில் ஈரம் ஒட்டாத பதத்துக்கு உலரவிட்டு அரைத்துச் சலிக்க வேண்டும். உலர்ந்த அரிசி அரைபடும்போது ஸ்டார்ச் மணிகள் உடைந்து சிதைகின்றன. ஊறிய அரிசியோ மென்மையாகப் பொடிந்து மிக நைசான மாவைத் தருகிறது. அரைத்த மாவைத் தட்டில் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகே எடைபோடுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே உங்கள் மணல் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

சாமையை ஏன் சேர்க்கிறேன் என்றால், வெறும் அரிசியும் ஸ்டார்ச்சும் சேர்ந்த பண்டத்தில் நார்ச்சத்து மிகவும் குறைவு. சீலியாக் உள்ள குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு வருவதும் வழக்கம். அவர்கள் சாப்பிடும் ஒவ்வொன்றிலும் ஏதாவது சத்து இருப்பது நல்லது. சாமையின் மெல்லிய மண்வாசனை பிளம்ஸோடு நன்றாகச் சேரும் என்பது என் நாக்கின் தீர்ப்பு. கேழ்வரகு நிறத்தையும் சுவையையும் பிடித்துக்கொள்ளும், 25 கிராமைத் தாண்ட வேண்டாம். கடலை மாவு வேண்டவே வேண்டாம், அதன் வாசனை பழத்தைக் கொன்றுவிடும்.

பிடிமானத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமிதான் என் தேர்வு. சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்கி, மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். 250 கிராம் மாவுக்கு இரண்டு டீஸ்பூன் பொடி போதும். அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக் கூழாகி, மாவைச் சேர்த்து நிறுத்துகிறது, அடுப்புக்குள் ஈரம் ஓடிவிடாமலும் காக்கிறது. சாந்தன் கம் போடுபவர்களும் உண்டு. அதுவும் வேலை செய்யும், ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் பிசுபிசுக்கும்.

மலையின் உயரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர், குன்னூர் 1,850, உதகை 2,240. உங்கள் ஊரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்த காற்றில் பேக்கிங் பவுடர் விடும் வாயு அதிகமாக விரியும். கோதுமை வலை இல்லாத மாவால் அதைத் தாங்க முடியாது. வேகமாக எழும்பி, வேகும் முன்பே அமுங்கிவிடும். சென்னையில் இந்த அளவு மாவுக்கு மூன்று டீஸ்பூன் போடுவார்கள் என்றால், கோத்தகிரியிலும் குன்னூரிலும் இரண்டேகால் போதும், உதகையில் இரண்டு. தண்ணீர் சீக்கிரம் ஆவியாவதால் பால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக வேண்டும். அடுப்பின் சூட்டை 10 டிகிரி உயர்த்தினால் உள்ளே சரிவதற்குள் மேல்பகுதி உறுதியாகிவிடும்.

ஆனால் உயரம் நமக்குத் தரும் ஒரு பெரிய சலுகை குளிர். ஸ்கோனின் உதிரி உதிரியான தன்மை வெண்ணெய் உருகாமல் சிறு துண்டுகளாகவே மாவுக்குள் இருப்பதில்தான் இருக்கிறது. மதுரையில் செய்பவர்கள் ஃபிரிட்ஜுக்கும் மேசைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நமக்கு ஆண்டின் பெரும்பகுதியில் சமையலறை மேசையே போதும்.

பழத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பச்சைப் பழத்தை அப்படியே நறுக்கிப் போட்டால் வேகும்போது சாறு விட்டு, ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வேகாத களி நிற்கும். மைதா அந்தச் சாற்றை ஓரளவு தாங்கும், அரிசி மாவு தாங்காது. நேர்மாறாக, கடையில் வாங்கிய உலர்திராட்சையை அப்படியே போட்டால் அது மாவிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழம் பாதி ஈரத்தில் இருப்பதே சரியான பதம்.

நம் பிளம்ஸ் மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் நாட்களை ஒட்டிச் சந்தைக்கு வரத் தொடங்கும். அப்போது மொத்தமாக வாங்கி வையுங்கள். கொட்டையை நீக்கி, சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகளாக்கி, தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, 100 டிகிரியில் அடுப்புக் கதவைச் சற்றே திறந்து வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விட்டால், தோல் போல மடங்கும் பதத்துக்கு வரும். எடை ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கும், புளிப்பும் இனிப்பும் கூர்மையாகும். கடையில் வாங்கும் எந்த உலர்பழமும் இதற்கு ஈடாகாது. வெயிலில் காயவைக்கலாமே என்றால், மூடுபனி எப்போது இறங்கும் என்று தெரியாத ஊரில் பூஞ்சைதான் மிஞ்சும். உலர்ந்ததைப் பாட்டிலில் அடைத்து ஃபிரீசரில் வைத்தால் அடுத்த பருவம் வரை வரும்.

உலர்திராட்சையைச் சூடான கட்டித் தேநீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுத்துப் போடுங்கள். பால் சேர்க்காத நீலகிரித் தேநீரின் மணம் திராட்சைக்கு மிகவும் பொருந்தும். பேரிக்காயில் நம் ஊர் கெட்டி வகைதான் நல்லது. தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, வாணலியில் ஒரு ஸ்பூன் வெண்ணெயோடு நீர் வற்றும் வரை வதக்கி ஆறவைத்துச் சேர்க்கலாம். ஸ்ட்ராபெர்ரியையும் தவிட்டுப்பழத்தையும் உள்ளே போட வேண்டாம், ஜாமாக்கி மேலே தடவுங்கள். நறுக்கிய பேரீச்சம்பழம் பாக்கெட்டில் வாங்கினால் ஒட்டாமலிருக்க ஏதாவது மாவு தூவியிருப்பார்கள், சில சமயம் ஓட்ஸ் மாவு. முழுப் பழமாக வாங்கி வீட்டில் நறுக்குவதே நிம்மதி.

இப்போது செய்யும் விதம். மாவுக் கலவையிலிருந்து இரண்டு மேசைக்கரண்டியை எடுத்து, அதோடு பேக்கிங் பவுடரைக் கலந்து தனியாக மூடி வையுங்கள். இதை ஏன் பிரிக்கிறோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். மீதி மாவில் 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, இசப்கோல் பொடி மூன்றையும் கலந்து, உப்பில்லாத கெட்டி வெண்ணெய் 70 கிராமைச் சிறு துண்டுகளாகப் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் தேய்த்துத் தேங்காய்த் துருவல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கங்கே பட்டாணி அளவுத் துண்டுகள் இருந்தால் நல்லதுதான். ஒரு முட்டை, 80 கிராம் கெட்டித் தயிர், 70 மில்லி பால் மூன்றையும் அடித்து, அதில் ஒரு மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றிக் கலக்குங்கள். பழம் 80 கிராம் சேருங்கள். மாவு மைதா ஸ்கோனுக்கு இருப்பதை விடத் தளர்வாக, கையில் ஒட்டும்படி இருக்கும். பயந்துபோய் மாவு சேர்த்துவிடாதீர்கள். மூடி, குளிர்ந்த இடத்தில் அரை மணி நேரம் விடுங்கள். இசப்கோலும் அரிசியும் குடிக்க வேண்டியதைக் குடித்து, மாவு தானாகவே கெட்டிப்படும்.

அந்த அரை மணியில் அடுப்பை 220 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சிறிய ஓ.டி.ஜி. மின்சார அடுப்புகள் விளக்கு அணைந்த பிறகும் உள்ளே முழுதாகச் சூடேறியிருப்பதில்லை, பத்து நிமிடம் கூடுதலாகவே கொடுங்கள். மாவு ஊறியபின், தனியாக வைத்த பேக்கிங் பவுடர் கலவையை மேலே சலித்து, ஏழெட்டு முறை மடித்து மடித்துக் கலந்துவிடுங்கள். முன்பே போட்டிருந்தால் ஊறும் நேரத்தில் வாயுவின் ஒரு பகுதி வீணாகியிருக்கும். மைதா மாவை இப்படிக் கடைசியில் மடித்தால் இறுகிவிடும். இங்கே இறுக எதுவுமில்லை என்பதால் தாராளமாகச் செய்யலாம்.

கவிழ்த்த தட்டில் அரிசி மாவு தூவி, கலவையை மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தட்டி, விளிம்பு மெல்லிய டம்ளரால் நேராக அழுத்தி வெட்டுங்கள். எட்டு வரும். தட்டில் ஒன்றை ஒன்று தொடும் அளவுக்கு நெருக்கமாக அடுக்க வேண்டும். வலை இல்லாத மாவு பக்கவாட்டில் பரவப் பார்க்கும், பக்கத்து ஸ்கோன்தான் அதற்குச் சுவர். எடுத்து வைத்த முட்டைக் கலவையை மேலே தடவுங்கள், இல்லையென்றால் அரிசி மாவு சிவக்காமல் வெளிறியே இருக்கும். 220 டிகிரியில் பதினாறு முதல் பதினெட்டு நிமிடம். வெளியே எடுத்ததும் பிட்டுப் பார்க்கத் தோன்றும். கால் மணி நேரம் பொறுங்கள். உள்ளே ஸ்டார்ச் அப்போதுதான் நிலைப்படுகிறது, சூட்டில் பிளந்தால் களியாகத் தெரியும்.

முட்டை சேர்க்காத வீடு என்றால் தயிரை 120 கிராமாக்கி, இசப்கோலை இன்னும் ஒரு டீஸ்பூன் கூட்டுங்கள், மேலே பால் தடவுங்கள். உயரம் கொஞ்சம் குறையும், சுவையில் குறையிருக்காது. நோய் கண்டறிந்த தொடக்க மாதங்களில் சில குழந்தைகளுக்குப் பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையும் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியபின் பெரும்பாலும் சரியாகிவிடும். மகளுக்கு அப்படி இருந்தால் பாலைத் தயிரால் ஈடுசெய்யலாமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பது போலவே இதுவும் விறைக்கும். வெந்த ஸ்டார்ச் மறுபடி கெட்டிப்படுவது உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நம் சமையலறையே ஃபிரிட்ஜ் போலத்தான் இருக்கும் என்பதால், மேசை மேல் மூடி வைத்தாலும் காலையில் கல்தான். ஆறியவுடன் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது நேராக எடுத்து 160 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினால் புதிதாகச் செய்தது போலவே இருக்கும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது தனி டப்பாவில் போட்டு, வகுப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். பக்கத்துக் குழந்தையின் சப்பாத்தித் துணுக்கு இதற்குள் விழுந்தால் இத்தனை பாடும் வீண்.

மேலே வைக்க, நன்றாகக் காய்ச்சிய எருமைப் பாலின் ஆடையை இரண்டு மூன்று நாள் சேர்த்து லேசாகக் கடைந்து வையுங்கள். இங்கிலாந்தில் டெவன்காரர்கள் முதலில் கிரீமும் மேலே ஜாமும் வைப்பார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் தடவுவார்கள். நம் பாலாடை கெட்டியாக இருப்பதால் அதை முதலில் தடவி மேலே பிளம்ஸ் ஜாம் வைப்பதுதான் வசதி. ஜாம் பாட்டிலுக்குள் ரொட்டி தடவிய கத்தி போயிருக்கக் கூடாது, மகளுக்கென்று தனிப் பாட்டில் வையுங்கள்.

முதல் முறை பழமே சேர்க்காமல் பாதி அளவு செய்து பாருங்கள். உங்கள் அடுப்பின் உண்மையான சூடும், உங்கள் அரிசி எவ்வளவு பால் குடிக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். மேல்பகுதி வெடித்து உள்ளே உலர்ந்திருந்தால் பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள், நடு அமுங்கியிருந்தால் பேக்கிங் பவுடரைக் கால் டீஸ்பூன் குறையுங்கள். அந்த இரண்டும் சரியான பிறகு பிளம்ஸைச் சேருங்கள்.